அருளப்பன் டிரசரின் அளவுகோல்

அருளப்பன் டிரசர் காலமானார் என்ற செய்தி ஜொகூர் பாருவிலிருந்து தபாலில் வந்தது. அவருடைய கடிதத்துக்கு எட்டு மாதம் பதில் எழுதாமலிருந்த நான், அன்று காலைதான் என் உறையை ஒட்டி வைத்திருந்தேன்.

தெப்ராவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் பெரிய கிராணி. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். ஒரு வறட்சியில் வயிற்றுக்கடுப்பு பரவவே, தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கிணற்றை அவர் பலகை அறைந்து மூடினார். காம்புச் செடியின் இலையைச் சாயத்துக்காகக் காய்ச்சிய காலத்துச் சீனர்கள் விட்டுப்போன இரும்புக் கொப்பரை ஒன்று, அரைக்கோள வடிவில் கிடந்தது. வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து அதை நிரப்பினோம்.

அரைக்கோளத்தின் கன அளவுக்குப் பள்ளியில் பரிசு வாங்கியவன் நான். ஆரத்தை மும்முறை பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கெடுத்து, இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்தேன். கொப்பரை நிறைந்தால் லயத்துக்கு ஆறு நாள் தண்ணீர். ஒருநாள் காலை அதில் அளவுகோலை நட்டேன், பாதி உயரம் நனைந்தது. மூன்று நாள் தண்ணீர் இருக்கிறது, வண்டி மூன்றாம் நாள் வந்தால் போதும் என்று துரைக்கு எழுதினேன். கையெழுத்தும் அழகாக இருந்தது.

கடிதத்தோடு நான் துரையின் பங்களாவில் நிற்கும்போதே டிரசர் அங்கு வந்துவிட்டார். "ரெண்டு நாளைக்கே காணாதுங்க. தண்ணி தீந்தா பலகையப் பேத்துக்கிட்டு கிணத்துலதான் குடிப்பாங்க. அப்புறம் எனக்குக் குழிவெட்டத்தான் ஆள் வேணும்."

"கோல் பாதி காட்டுதே?" என்றார் துரை.

"கோலுக்கு உயரந்தான் தெரியும் துரை. கொப்பரை அடியில குறுகுதே, அது அதுக்குத் தெரியாது."

பால் வடிக்கும் தேங்காய்ச் சிரட்டை ஒன்றை மேசையில் வைத்தார். மருந்துக் கரண்டியால் ஊற்றினார், பதினாறில் நிறைந்தது. கொட்டிவிட்டு, பாதி உயரம்வரை மீண்டும் ஊற்றினார். எட்டுக்காகக் காத்திருந்தேன். ஐந்தோடு கரண்டி நின்றது.

மனப்பாடமாக நான் சுமந்த சூத்திரத்துக்குள் தண்ணீர் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

துரை அப்போதே ஆளனுப்பினார். மறுநாள் மாலை வண்டி வந்தபோது கொப்பரையில் நாலைந்து வாளிதான் மிச்சம். கிணற்றுப் பலகையில் ஓர் ஆணிகூட அசையவில்லை.

"தப்பு யாருடையது?" என்று துரை கேட்டார்.

"கோலுதாங்க," என்றார் டிரசர், என்னைப் பார்க்காமல்.

அன்றே அந்தக் கோலில் நாளுக்கொரு கோடாகப் புதிதாக வெட்டிக்கொடுத்தார்: மேலே நெருக்கமாக, அடிக்குப் போகப்போக விலகி. என் பழியைச் சுமந்த அந்தக் கோல் இன்று என் மேசையருகே நிற்கிறது. பரிசுச் சான்றிதழ் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.