எலும்போடு ஒரு கோழி

எங்கள் ஹலப் நகரத்தில் வைத்தியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஆளாளுக்கு ஹகீம்களின் பெயரை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். இவர் கண்ணில் படலம் எடுத்தார், அவர் காய்ச்சலைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகம் எழுதினார் என்று. எழுதட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்? ஆனால் அந்தாக்கியா வாசல் ஆஸ்பத்திரியின் அடுப்படியில் காலமெல்லாம் வெந்த இத்ரீஸின் பெயரை ஒரு வாயும் சொல்லாது. கேட்டால் வயிறு எரிகிறது. அங்கே காய்ச்சல் கூடத்தில் நோயாளிகளைத் தூக்கி, துடைத்து, படுக்கவைத்தவன் நான். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இத்ரீஸ் சமையல்காரர். பருத்த உடம்பு, வாயைத் திறந்தால் கிண்டல். காய்ச்சல்காரனுக்கு வாற்கோதுமைக் கஞ்சி, வயிற்றுப்போக்குக்காரனுக்கு மாதுளைச் சாறு என்று ஹகீம் சொன்னதை அப்படியே செய்வார். உப்பு விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்கமாட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. குணமாகிவிட்டது என்று யாரை அனுப்புவதானாலும் அவன் முன்னால் ஒரு ரொட்டியும் முழுக் கோழியும் வைக்கவேண்டும். எலும்போடு, வெட்டாத கோழி. தன் கையால் பிய்த்து, தன் பல்லால் கடித்துத் தின்னவேண்டும். தின்றது மறுநாள் காலை வரை வயிற்றில் தங்கவேண்டும். அப்புறம்தான் புது உடுப்பு கொடுத்து வழியனுப்புவோம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வீட்டு நினைப்பு வந்த நோயாளி கூசாமல் பொய் சொல்வான். நாடிகூடச் சில நாள் ஏமாற்றும். கோழித் தொடையைத் திருகிப் பிய்க்கக் கையில் தெம்பில்லாதவன் யாரை ஏமாற்ற முடியும்? இந்த விதியை வைத்த பழைய ஹகீம்கள் மடையர்கள் இல்லை.

தின்ன முடியாமல் விழிப்பவனிடமிருந்து இத்ரீஸ் தட்டை எடுத்துக்கொள்வார். "இன்னும் ஆகலப்பா. படு" என்பார். அவ்வளவுதான். மிச்சக் கோழியில் சாறு வைத்து அவனுக்கே கொடுத்துவிடுவார்.

திராட்சை அறுப்பு முடிந்த சமயம் ரஜப் வந்து சேர்ந்தான். சோப்புக் காய்ச்சுகிறவன், கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லை. காய்ச்சல் இறங்கிக் கண்ணைத் திறந்ததிலிருந்து ஒரே பாட்டுதான்: "வீட்டுக்குப் போகணும்ணே." ஒரு தடவை கோழி வைத்துப் பார்த்தோம். இறக்கையைக் கொறித்துவிட்டு மூச்சு வாங்கினான். இத்ரீஸ் தட்டை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியைப் பார்க்க ஆளுநர் வருகிறார் என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரியின் தர்மச் சொத்தைக் கவனிக்கும் எங்கள் வக்பு மேலாளர் பத்ருத்தீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராக அடுப்படிக்கே வந்துவிட்டார், ஹகீமையும் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு.

"குணமானவங்க எல்லாம் புது உடுப்போட வாசல்ல வரிசையா நிக்கணும். வரிசை நீளமா இருக்கணும். இத்ரீஸ், கோழிய எலும்பெடுத்து நாராப் பிச்சுக் கஞ்சில போடு. முழுங்கிட்டான்னா குணம்."

"எஜமான், அது கோழி இல்ல, கஞ்சி."

"உள்ள கோழி இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப கோழிதான். நீ என்ன வைத்தியனா?"

"சமையல்காரன், எஜமான்."

"அப்ப கரண்டியப் பிடி. இல்லேன்னா வேற ஆள் பிடிப்பான்."

நான் ஹகீமைப் பார்த்தேன். மனுஷன் மாணவர்களுக்கு எதையோ காட்டுவதுபோல, கையிலிருந்த சிறுநீர்க் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். படித்த படிப்பெல்லாம் அந்தக் குப்பிக்குள் போய் ஒளிந்துகொண்டது. தூ!

வீட்டில் கல்யாண வயதில் மூன்று மகள்கள்; இத்ரீஸ் கோழியைப் பிய்த்தார். ரஜப் ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"கோழி எங்கண்ணே? பல்லுக்கு வேலையே வைக்கலையே!" என்று சிரித்தான். இத்ரீஸ் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வரை காத்திருக்கவும் இல்லை. அன்றைக்கே புது உடுப்பை மாட்டி வெயிலில் நிறுத்தினார்கள். ஆளுநர் குதிரையைவிட்டு இறங்கவேயில்லை. "மாஷா அல்லாஹ்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், போய்விட்டார். இதற்காகவா? அந்த ஒரு வார்த்தைக்காகவா?

மறுநாள் ரஜபை அவன் மச்சான் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். உடம்பு கொதித்தது. நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் போய்விட்டான், அந்தப் புது உடுப்போடேயே. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"கோழி தின்னாரா அண்ணே? தின்னுட்டேன்னு சொன்னாரே."

ஊருக்கே தெரிந்த விதி. அதை நம்பித்தான் அவள் கதவைத் திறந்து அவனை வீட்டுக்குள் விட்டாள்.

அன்றிலிருந்து இத்ரீஸின் வாயில் கிண்டல் இல்லை. "தட்டை எடுத்திருக்கணும்டா நான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

குளிர் தொடங்கியபோது அதே காய்ச்சல் பத்ருத்தீனையும் பிடித்தது. முற்றத்திலேயே மயங்கி விழுந்தார். இந்த நிலையில் வீட்டுக்குத் தூக்கிப் போகக்கூடாது என்றார் ஹகீம். காலியாக இருந்தது ரஜபின் கட்டில் ஒன்றுதான். அதில் போட்டோம். என் கையாலேயே துடைத்துவிட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

காய்ச்சல் விட்டதும் மேலாளர் பழையபடி மேலாளராகிவிட்டார். "வெள்ளிக்கிழமை நான் ஆளுநர் சபைல இருக்கணும். என் பதவி மேல ஒருத்தன் கண்ணு வச்சிருக்கான். அந்தக் கஞ்சியக் கொண்டா."

நான் அடுப்படிக்கு ஓடினேன். "குடுத்துத் தொலைங்கண்ணே! முழுங்கிட்டுப் போகட்டும். போய் நடுத்தெருவுல விழட்டும்!"

இத்ரீஸ் அடுப்புப் பக்கம் திரும்பினார். பானையிலிருந்து ஒரு முழுக் கோழியை எடுத்துத் தட்டில் வைத்தார். பக்கத்தில் ஒரு ரொட்டி. தானே கொண்டுபோய் அவர் மடிமேல் வைத்தார்.

"என்ன இது? கஞ்சி எங்கே?"

"அது ரஜபோட போச்சு, எஜமான். அவன் கட்டில்லதான் படுத்திருக்கீங்க. தின்னுங்க."

கூடமே எழுந்து உட்கார்ந்து பார்த்தது. பத்ருத்தீன் ஹகீமைத் தேடினார். இன்றைக்கு ஹகீம் கையில் குப்பி இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர் தொடையைப் பிடித்துத் திருகினார். வரவில்லை. நெய்யில் விரல் வழுக்கியது. ஒரு வாய் கடித்து, மெல்ல முடியாமல் துப்பினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"வீட்டுக்குப் போகணும்பா" என்றார் மெல்ல.

அந்த வார்த்தையைக் கேட்டதும் இத்ரீஸின் முகம் கோணியது. தட்டை எடுத்துக்கொண்டார்.

"இன்னும் ஆகல, எஜமான். படுங்க."

போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தது, போனது, பதவியும் போனது. உயிர் போகவில்லை. மிச்சக் கோழியில் சாறு வைத்து இத்ரீஸ் என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். கட்டிலுக்குப் போகும் வழியில் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். அந்த மனுஷனுக்கும் உப்பு அளவாகத்தான் போட்டிருந்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.