ஞானப்பூ கேட்காத மன்னிப்பு

கருங்கல் சந்தைக்குப் போய்த் திரும்பிய வண்டிக்காரர் கொட்டாரம் ஊரில் எங்கள் வாசலில் மாட்டை நிறுத்தி, "ஒங்ககூட லேஸ் பின்னின ஞானப்பூ காய்ச்சலில போயிட்டா. நேத்தே அடக்கம் ஆயாச்சு" என்றார். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து தீயை அணைத்தது. என்னால் எழுந்து போய் இறக்க முடியவில்லை. அவளுக்கும் என் வயதுதான்.

லேஸ் வீட்டில் எங்களோடு உட்கார்ந்திருந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மடியில் வைக்கோல் திணித்த தலையணை, அதில் குத்திய ஊசிகள், அவற்றிலிருந்து தொங்கும் நூல்கட்டைகள். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட லேஸ் வளரும். வாயைத் திறக்காமல் செய்கிற வேலை. கன்னியாகுமரிக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் வழியில் காரை நிறுத்தி உள்ளே வருவார்கள். லேஸைப் பார்க்க வந்ததாகத்தான் பேச்சு, பார்த்ததெல்லாம் எங்களை. பிடரியில் மூச்சு படும்படி பின்னால் நிற்பார்கள். தோள்வரை தொங்கும் எங்கள் வடித்த காதுகளைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பார்கள். "தலையத் தூக்கப்பிடாது, கை நிக்கப்பிடாது" என்று மேற்பார்வை அம்மா அதட்டுவாள். கார் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வேன்.

"சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்கியது மாதிரி இருக்கு, ஏட்டி" என்றாள் ஞானப்பூ ஒருநாள். "மாடா இருந்தா முட்டவாவது செய்யலாம்."

ஒரு மழைக்காலத்தில் தொப்பி வைத்த ஒரு துரைசாணி வந்தாள். ஞானப்பூவின் தலையணையில் இரண்டு கட்டைகளைத் தூக்கித் தானும் பின்னிப் பார்த்தாள். நூல் சிக்கிப் பல நாள் வேலை பாழாயிற்று. அவள் சிரித்தாள், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அது போதாதென்று ஞானப்பூவின் காதை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

ஞானப்பூ தலையணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். துரைசாணிக்கு எதிரே நெருங்கி நின்று தொப்பியைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். பின்னால் போய்ப் பிடரியைப் பார்த்தாள். குனிந்து செருப்பைப் பார்த்தாள். தொடவில்லை, பார்த்தது மட்டும்தான். துரைசாணியின் முகம் சிவந்து போயிற்று. விறுவிறுவென்று காரில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

மேற்பார்வை அம்மா கொதித்தாள். துரைசாணி தங்கியிருக்கும் பங்களாவுக்குப் போய் மன்னிப்புக் கேள், இல்லையென்றால் நாளை முதல் வராதே என்றாள். ஞானப்பூவின் சம்பளத்தில்தான் கண் தெரியாத அவள் தாய் கஞ்சி குடித்தாள். அது மேற்பார்வை அம்மாவுக்கும் நன்றாகத் தெரியும்.

"பாத்ததுக்கா மன்னிப்பு?" என்றாள் ஞானப்பூ. "அப்போ அவிய முதல்ல எங்கிட்ட வந்து கேக்கட்டும். எத்தன வருசமாப் பாக்காவ!"

அன்றோடு வேலையை விட்டுப் போனாள். வேறு லேஸ் வீடுகளிலும் அவளைச் சேர்க்கவில்லை. மேற்பார்வை அம்மா முந்திக்கொண்டு சொல்லி வைத்திருந்தாள். ஓலைப்பெட்டி முடைந்து கருங்கல் சந்தையில் விற்றாள். தாயும் மகளும் பட்டினி கிடந்த நாட்கள் உண்டு. ஒருமுறை சந்தையில் ஓலை கிழித்த அவள் கையைப் பார்த்துவிட்டு ஆற்றாமையில் கேட்டேன்: "ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?"

"கேட்டிருந்தா, அடுத்த காருல வாறவ காதப் பிடிச்சு இழுப்பா. ஒனக்கக் காதையும் சேத்துத்தான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக வேதக்கோவிலில் ஜெபம் நடந்தது. மேற்பார்வை அம்மா முன்வரிசையில் எழுந்து நின்று, "அடக்கமான பிள்ளை. கோபம் என்றால் என்னவென்றே தெரியாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உங்களில் பலர் ஆமென் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோது அவள் கஞ்சியைப் பிடுங்கினார்கள். செத்த பிறகு கோபத்தையும் பிடுங்கப் பார்க்கிறார்கள். அடக்கத்தை வேண்டுமானால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஞானப்பூவின் கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் தரமாட்டேன்.