மழையைப் பற்றி மட்டும் கதைத்தவன்

கிளிநொச்சிக் குடியேற்றத்துச் சின்னராசா பேசுவதைக் கேட்டவர்கள் குறைவு. மாடுகள் கேட்டிருக்கும். அவற்றோடும் “ஹை” என்பதற்கு மேல் பேச்சில்லை. ஆனையிறவில் மாட்டுவண்டியில் உப்பேற்றி வவுனியாவில் இறக்குவது அவன் தொழில். வயது முப்பத்தைந்து, கலியாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் கால் பெருவிரலைப் பார்த்தபடி இருந்துவிட்டு எழும்பி வருவான். “மாப்பிள்ளை ஊமையோ?” என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டார்கள்.

வவுனியாவில் உப்பு வாங்கும் மீராசாகிபுவின் கடைக்குச் சாமான் மடித்துக் கொடுக்கும் சரை சுற்றப் பழைய தாள் கட்டுக்கட்டாக வரும். ஒருநாள் கட்டுக்குள் ஒரு நாவல் கிடந்தது.

“இதைக் கிழிக்க மனம் வருகுதில்லை தம்பி. நீ கொண்டுபோ. திரும்பிப் போகேக்கை வண்டியிலை சும்மாதானே குந்தியிருக்கிறாய்?” என்றார்.

எழுத்துக் கூட்டித்தான் தொடங்கினான். மீராசாகிபு எடுத்துவைத்த மூன்றாவது நாவலில் வாய் திறந்துகொண்டது. கதையில் வரும் மாமியாரை ஏசினான், தகப்பனிடம் கெஞ்சினான். எதிரே சைக்கிளில் வருபவர்கள், “சின்னராசா, ஆரோடை கொளுவல்?” என்று பகிடி பண்ணினார்கள்.

மாட்டுக்கு வழி தெரியும் என்றால் இன்றைக்கு நம்புவார்களோ தெரியாது. அந்தத் தை மாதம் அவன் புதுச்சோடி மாடு வாங்கியிருந்தான். விற்றவர் மாங்குளத்தில் ஒட்டுசுட்டான் வீதியோரம் இருந்த ஏரம்பர். ஒருநாள் வெறும் வண்டியோடு திரும்பும்போது, கயிற்றைத் தொடையில் போட்டுவிட்டு வாசித்துக்கொண்டிருந்தான். கதையின் நாயகன் ஒவ்வொரு வெள்ளியும் ஒருத்தியின் வீட்டுப் படலையடிக்குப் போகிறான். மனதில் இருப்பதைச் சொல்லாமல் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறான். சின்னராசாவுக்குப் பொறுக்கவில்லை.

“வாயைத் திறவன்ரா, மடையா!”

“ஆரைத் திட்டுறியள்?” என்றது ஒரு பெண்குரல்.

நிமிர்ந்தான். வண்டி ஏரம்பரின் முற்றத்தில் நின்றது. மாடுகள் இரண்டும் பழைய கழுநீர்த் தொட்டிக்குள் முகத்தை வைத்திருந்தன. பக்கத்தில் வாளியோடு ஏரம்பரின் மகள் விமலேஸ்வரி.

அவன் பெருவிரலைப் பார்க்க மறந்துபோனான். திட்டு யாருக்கு என்று விளக்க வேண்டியிருந்ததே! கதை முழுவதையும் சொன்னான். தேத்தண்ணி வந்து ஆறியும் போயிற்று. போகும்போது புத்தகத்தை அவள் வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு மாடுகள் ஒவ்வொரு தரமும் மாங்குளச் சந்தியில் ஏரம்பர் வீட்டுப் பக்கம் திரும்பின. அவன் கயிற்றை இழுக்கவில்லை. புத்தகம் போகும், வரும். நாயகன் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்பதில் விமலேஸ்வரிக்கும் கோபம். “அவளும் எவ்வளவு காலம்தான் வானத்தைப் பாக்கிறது?” என்றாள்.

ஆவணியில் ஒருநாள் ஏரம்பர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: “தம்பி, முல்லைத்தீவிலை இருந்து பிள்ளைக்கு ஒரு சம்மந்தம் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை பாக்க வருகினம்.”

விமலேஸ்வரி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

சின்னராசா வாயைத் திறந்தான். “நல்ல மழை வரும்போலை கிடக்கு.”

வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. அவள் முகம் திரும்பியது. அவன் வண்டியில் ஏறிப் படலைவரைக்கும் போனபிறகுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது. அது யாருடைய வசனம்! மாதக்கணக்காக மடையன் என்று திட்டியது யாரை!

வண்டியிலேயே எழும்பி நின்றான்.

“ஐயா! நான் மழையைப் பற்றிக் கதைக்க வரேல்லை. விமலேஸ்வரியை எனக்குக் கட்டித் தாங்கோ எண்டு கேக்க வந்தனான்!”

வீதியால் போனவர்களும் நின்றுவிட்டார்கள். ஏரம்பருக்கு வெற்றிலை புரையேறியது.

“மாட்டை வித்தாப் பிள்ளையையும் கேக்கிறாய்! அவளைக் கேள்.”

“மாடு தையிலையே கேட்டிட்டுது அப்பா,” என்றாள் அவள். “இந்த மனிசன்தான் பிந்திப்போச்சு.”

வரவேண்டாம் என்று சொல்ல முல்லைத்தீவுக்கு அன்றே ஆள் போயிற்று. கலியாணத்துக்கு மீராசாகிபு வந்தார், இரண்டு கையிலும் கிழிக்க மனம்வராத புத்தகங்களோடு.

இப்போது கிளிநொச்சிக்குத் திரும்பும் வண்டியில் அவள் வாசிப்பாள், அவன் குறுக்கே விழுந்து நியாயம் கேட்பான். சந்தியில் மாடுகள் தம் பாட்டில் ஏரம்பர் வீட்டுப் பக்கம் திரும்பும். தொட்டிக்கு முன்னால் நின்றபிறகுதான் இருவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

“திரும்பவும் வந்திட்டியளோ?” என்று சலித்துக்கொள்வார் ஏரம்பர். கழுநீர் ஏற்கெனவே ஊற்றியிருக்கும்.