ரேடியோ மாமியாரும் அவள் மருமகளும்

இன்று காலை பெருங்களத்தூர் பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, சினிமால எப்பவும் செத்துப்போவீங்களே, நீங்கதானே?"

"பேர் தெரியுமா?" என்றேன். தெரியவில்லை.

"ஐயோ, இந்தக் குரல்! ரேடியோ நாடகத்துல மாமியார்! எங்கம்மாவுக்கு உசுரு. இப்ப கண்ணு தெரியாம படுக்கையில இருக்காங்க. ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று வீட்டுக்குப் போன் போட்டு நீட்டினாள்.

ஓசியில் நடிப்பதில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனாலும் வாங்கி, "ஏண்டி, இன்னுமா எழுந்திருக்கல?" என்று அதட்டினேன்.

மறுமுனையில் சிரிப்பு. பிறகு தயங்கி ஒரு கேள்வி: "உங்க மருமக பாவம்க்கா. இப்பவாவது அவள நல்லா வச்சிருக்கீங்களா?"

அந்த மருமகளும் நான்தான். நடிக்க வேண்டியவள் வராததால், யாரும் சொல்லித் தராமல் இரண்டு குரலையும் நானே பேசினேன். அறிவிப்பில் மாமியாருக்கு மட்டும்தான் என் பெயரைச் சொன்னார்கள். அதற்காக இன்றுவரை சண்டை போடுகிறேன்.

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, மருமகளின் மெல்லிய குரலில் சொன்னேன்: "நல்லா இருக்கேன்மா. அத்தை இப்பல்லாம் திட்டறதே இல்ல."

"அப்பாடா" என்றாள் அந்த அம்மா.

அவளுக்காக மட்டும் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தேன், இதைப் படிக்கிற உங்களுக்காக இல்லை. இரண்டும் நான்தான். மறுப்பவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள், பார்க்கிறேன்.