பொலிக்ஸேனி பாதியில் எழுந்த படம்

கிரேக்க நாட்டு வோலோஸ் நகரத்துத் திறந்தவெளித் திரையரங்கில் டிக்கெட் வரிசையில் நிற்பவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் பால்கனியில் பொலிக்ஸேனி பூசணி விதை கொறித்துக்கொண்டிருப்பாள். திரை அவள் வீட்டுக்கு நேர் எதிரே. கோடை முழுக்க ஓசிப் படம். புதுப் படத்தை முதல் நாளே பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து தீர்ப்பு வழங்குவாள்.

"பொலிக்ஸேனி அக்கா, பாக்கலாமா?"

"கொலகாரன் யாருன்னு இடைவேளைக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஐஸ்கிரீம் வாங்கித் தின்னுட்டு வீட்டுக்குப் போங்க."

துப்பறியும் படம் என்றால் அவளுக்கு உயிர். தம்பியைக் கொன்றவன் இன்னும் அகப்படவில்லை, இவளால் எப்படி இதையெல்லாம் பார்க்க முடிகிறது என்று ஊர் முணுமுணுக்கும். ஊருக்கென்ன, வாய் இருக்கிறது, பேசும். படத்திலாவது கொலைகாரன் மாட்டிக்கொள்கிறானே, அதற்காகத்தான் அவள் பார்த்தாள்.

தம்பி ஸ்டமாட்டிஸ் டாக்சி ஓட்டினான். இருபது வருடங்களுக்கு முன் துறைமுகத்துக்குப் பின்னால், அவன் வண்டிக்குள்ளேயே பிணமாகக் கிடந்தான். புகைப்படங்கள் நிறைய உண்டு. அவன் பேச்சைத்தான் யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அது அவள் காதுக்குள் மட்டும் இருந்தது. அங்கே பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருந்தாள், பாவம்.

அந்த ஆகஸ்டில் வந்த படம் ஒரு டாக்சி ஓட்டுநரின் கொலையைப் பற்றியது. பெயரை மாற்றியவர்கள் துறைமுகத்தை மாற்றவில்லை. இடைவேளைக்குச் சற்று முன் கத்தி வெளியே வந்தது. "விட்ருங்கய்யா, எங்கக்கா சாப்பிடாமக் காத்துக்கிட்டிருப்பா" என்று நடிகன் கரகரத்த குரலில் கெஞ்சினான். பொலிக்ஸேனி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் கதவுக்கு அடங்குமா?

மறுநாள் வரிசை கேட்டது. அவள் வாய் திறக்கவில்லை. படம் சரியில்லை போல என்று பாதிப் பேர் கலைந்தார்கள். திரையரங்கு முதலாளி லெஃப்டெரிஸ் மாடியேறி வந்தான். அவன் ஸ்டமாட்டிஸின் பால்ய சிநேகிதன்.

"அக்கா, படத்தத் தூக்கிரவா?"

"ஓட்டுடா. என் ஒருத்திக்காக ஊரப் பட்டினி போடாத."

மனசு கேட்காமல் அவன் ஒரு காரியம் செய்தான். அக்கம்பக்கத்தவர் தூங்கவேண்டும் என்று இரண்டாவது ஆட்டத்துக்கு ஒலியைத் தணிப்பது அங்கே வழக்கம். அன்றிலிருந்து முதல் ஆட்டத்திலும் அந்தக் கொலைக் கட்டத்துக்கு மட்டும் ஒலியை அடியோடு குறைத்தான். நல்லது செய்வதாக நினைத்து வினையைத் தேடிக்கொண்டான். சத்தம் போனதும் கூட்டம் திரும்பி அவள் பால்கனியைப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் நின்ற அவளுக்கு அந்த நிசப்தத்தில் நடிகனின் கெஞ்சல் இன்னும் தெளிவாகக் கேட்டது. அதை விரட்ட, தம்பி தன்னை "அக்கா" என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தாள். கரகரத்த குரல்தான் கூப்பிட்டது.

ஒவ்வொரு மாலையும் முயன்று பார்த்தாள். அதே குரல். படத்தின் கடைசி நாளன்று, முதல் ஆட்டத்துக்கு முன்பே, லெஃப்டெரிஸை வரவழைத்தாள்.

"நீ அவன்கூடப் பந்து விளையாடினவன். அவன மாதிரி ஒரு தடவ பேசிக் காட்டு."

"என்னக்கா இது..."

"பேசுடா. எனக்கு மறந்துபோச்சு."

லெஃப்டெரிஸ் கெட்டிக்காரன். பாதிரியாரையும் மேயரையும் அச்சு அசலாகப் பேசி ஊரையே சிரிக்கவைப்பவன். கண்ணை மூடிக்கொண்டான்.

"பந்த இங்க தள்ளுடா, குருட்டுப் பயலே."

கரகரவென்று வந்தது. கடைசிச் சொல்லை இழுத்து முடிக்கும் அந்த நடிகனேதான். லெஃப்டெரிஸ் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். கேட்டுக் கேட்டு அவனுக்கும் அதுவே பழகிவிட்டது.

"இரு அக்கா, இன்னொரு தடவ..."

"வேணாம்," என்றாள் பொலிக்ஸேனி. "படம் நல்லாத்தான் எடுத்திருக்கான். யாராவது கேட்டா, பாக்கச் சொல்லு."