பரிசல்காரி மியென் சொன்ன வார்த்தை

மியெனுக்கு நான் ஒரு கோடியே எண்பது லட்சம் டோங் கடன்பட்டிருந்தேன். ஆறு மாதப் பரிசல் கூலி. ஊரில் என்னைத் தாம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தாம் அண்ணன் கையில் அப்போது காசில்லை, அதனால்தான் இழுத்தடித்தார் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது பொய். பணம் என் அலமாரியில் இருந்தது. ஏன் கொடுக்கவில்லை என்பதை நானே எழுதிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. என் பெயரை எழுதக் கற்றதே முப்பத்தைந்து வயதில், படகு உரிமத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்தபோதுதான். மீன்கூடை சுமந்தவன், இன்று மூன்று சுற்றுலாப் படகுகளுக்குச் சொந்தக்காரன். ஃபூ யென் கரையில் எங்கள் வளைகுடாவுக்கு வருகிற ஹனோய்க்காரர்கள் ஓட்டலில் பெட்டியை வைத்த கையோடு கேட்பது, "தாம் அண்ணன் படகு எங்க நிக்குது?" என்றுதான். காலையில் தட்டடுக்குப் பாறை, பிறகு நாங்கள் ஐயா என்று கும்பிடுகிற திமிங்கிலத்தின் எலும்பு இருக்கும் ஐயா கோயில், மதியம் தீவு, சாயங்காலம் நகரத்தில் அந்தக் காலச் சாம் ராஜாக்கள் கட்டிய கோபுரம். இந்த வரிசையைப் போட்டவன் நான். இப்போது எல்லாரும் அதையே காப்பியடிக்கிறார்கள். அடிக்கட்டும்.

தீவில் படகுத்துறை கிடையாது. பவளப்பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, ஆட்களை ஐந்து ஆறு பேராக வட்டப் பரிசலில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். பாறைக்கு நடுவில் இரண்டு பரிசல் அகலத்துக்கு ஒரு வழி. அந்த வழியில் அலை திடீரென்று எழுந்து நிற்கும். அங்கே ஒன்பது வருடம் துடுப்புப் போட்டவள் மியென். ஒரு பயணியின் கால் விரல்கூடப் பாறையில் உரசியதில்லை.

ஆனால் அவளைப் போலக் கடலுக்குப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. பரிசலில் கால் வைக்கும்போதே உதடு வெளுத்துவிடும். துடுப்பைப் பிடித்த கை நடுங்குவது படகிலிருந்து பார்த்தால் தெரியும். மற்ற பரிசல்காரர்கள் பயணிகளைச் சிரிக்க வைக்கப் பரிசலைப் பம்பரமாகச் சுற்றுவார்கள். அவள் ஒரு நாளும் சுற்றியதில்லை. ஏன் இப்படி என்று கேட்டால், "தண்ணி ஆழமா இருக்குண்ணே. அது போதாதா?" என்பாள்.

என் எஞ்சின்காரன் கோய்க்கு அவளைச் சீண்டாமல் பொழுது போகாது.

"கீழ எட்டிப் பாரு மியென். மீனெல்லாம் உன்னைத்தான் விசாரிக்குது."

"கரைக்கு வரச் சொல்லு. சட்டியோட காத்திருக்கேன்."

பரிசல் அவள் புருஷனுடையது. முதுகில் அடிபட்டு அவன் வலை பின்ன உட்கார்ந்த பிறகு, வேறு வழியில்லாமல் துடுப்பைக் கையில் எடுத்தாள். பயந்ததால்தான் நன்றாக ஓட்டினாள் என்பது என் கணிப்பு. அலை வருவதற்கு முன்பே அது அவள் முதுகுத்தண்டில் ஏறிவிடும்.

ஒரு நாள், மாதக் கூலி வாங்கும்போது சொன்னாள்: "சந்தையில அரிசி நூடுல்ஸ் கடை ஒண்ணுல பாதிப் பங்கு விலைக்கு வருதுண்ணே. வருஷக் கடைசி வரைக்கும் பொறுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. அதை மட்டும் வாங்கிட்டா, சாகுற வரைக்கும் தண்ணியில கால் வைக்க மாட்டேன்."

அந்த மாதத்திலிருந்து அவள் கூலியை நிறுத்தினேன். கொடுத்தால் போய்விடுவாள். அவள் போனால் அந்தப் பாறை வழியில் யாரை நம்பி ஆளை இறக்குவது? "அடுத்த மாசம் தங்கச்சி" என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன்.

எங்கள் ஊரில் தண்ணீர்மேல் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. கரையில் அடுப்படியில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். படகில் ஏறிவிட்டால், கவிழ்வது என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. படகு 'தூங்கிடும்' என்றுதான் சொல்வோம். தட்டில் மீனைக்கூடத் திருப்பிப் போட மாட்டோம். மேல்பக்கத்தைத் தின்றுவிட்டு, முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தைத் தின்போம்.

அன்றைக்கு வந்தவர்கள் ஹனோயிலிருந்து பதினொரு பேர், ஒரே அலுவலகம். அவர்களுக்குத் தலைவி துயெத் என்ற பெண். ஆனி மாத வெயில். படகிலேயே மீன் சுட்டு, தண்ணீரில் நனைத்த அரிசி அப்பளத்தில் கீரையோடு சுருட்டித் தின்றார்கள். ஒருவன் சுட்ட மீனைக் குச்சியால் புரட்டப் போனான். கோய் அவன் கையைப் பிடித்துவிட்டான்.

"முள்ளைத் தூக்குங்க தம்பி. மீனை அப்படியே விடுங்க."

"ஏன், மீனுக்கு முதுகு வலியா?" என்று அவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மியென் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மேகம் சரியில்ல."

"மழை மேகம். ராத்திரிதான் இறங்கும்" என்றேன். ஐம்பது வருடம் கடல் பார்த்தவன் நான். அன்றைக்குத் தப்பாகச் சொன்னேன்.

சாப்பிட்டதும் தீவில் இறக்கிவிட்டவர்களை மூன்று மணிக்குக் கிளம்பச் சொல்லிச் சங்கு ஊதினேன். வந்தவர்கள் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாலாகிவிட்டது. மேற்கே மலை இருந்த இடத்தில் கரிச்சட்டியின் அடி மாதிரி ஒன்று எழுந்து நின்றது. காற்று சுத்தமாக நின்றது. என் சட்டைக்குள் வியர்வை ஒழுகியது, ஆனால் உள்ளங்கை ஜில்லென்றிருந்தது. அந்த ஜில்லிப்பு எனக்குத் தெரியும். வாழ்நாளில் இரண்டு தரம் வந்திருக்கிறது. அதில் ஒரு தரம் நாங்கள் போன நாலு படகில் இரண்டுதான் திரும்பியது.

முதல் நடையில் ஐந்து பேரைக் கொண்டுவந்து ஏற்றினாள் மியென். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மிச்சம் ஆறு பேர் இருக்காங்கண்ணே. நான் போகணுமா?"

இந்தக் கேள்வியை ஒன்பது வருடத்தில் அவள் கேட்டதில்லை. இங்கேயே இரு, காற்று அடித்து ஓயட்டும், அவர்கள் தீவிலேயே நனையட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தக் கூட்டத்தைச் சாம் கோபுரத்தில் கொண்டுபோய் நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். என் வாக்கு தவறியதில்லை என்பது என் பெருமை.

"போ தங்கச்சி. சட்டுனு வந்துடு."

போனாள்.

அவள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பாறை வழிக்கு வரும்போது காற்று இறங்கியது. அது வருவது தெரியவில்லை, வந்துவிட்டது. தீவுத் தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கடல் கறுத்தது. நங்கூரக் கயிறு விம்மிக் கீச்சிட்டது. பரிசலில் இருந்த பயல்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துப் பயப்படாமல், எழுந்து நின்று, உயிர்காப்புச் சட்டையைத் தோளோடு தளர்த்திவிட்டு, தீவையும் மேகத்தையும் போனில் படம் பிடித்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அப்போது என் படகு தூக்கியது. மெதுவாக, மேலே, இன்னும் மேலே. தூக்கி இறக்கியது. எனக்கு விளங்கிவிட்டது. அடியில் போன அந்த அலை பாறை வழிக்குப் போய்ச் சேரும்போது வீட்டுச் சுவர் உயரத்துக்கு நிற்கும்.

"உட்காருங்க" என்று கத்தினேன். "பரிசல் தூங்கிடும். தூங்கிடும்."

நின்றவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துக் கையாட்டினான். "தூங்கட்டும் பெரியவரே. அதுக்கும் களைப்பா இருக்கும்" என்றான். பக்கத்தில் இருந்த துயெத்கூடச் சிரித்தாள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த இன்னொரு வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. வாய் திறக்கவில்லை. கோய் என் பக்கத்தில் நின்று, "ஐயா, ஐயா" என்று திமிங்கிலக் கடவுளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆறு உயிர் போகப் போகிறது, இரண்டு ஆம்பிளைகள் ஒரு சொல்லுக்குப் பயந்து நின்றோம்.

மியென் கடலைப் பார்த்து நின்றிருந்தாள். அவள் அலையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"கவிழப் போகுது" என்று கூவினாள். பெண் குரல் மாதிரியே இல்லை. "கவிழ்ந்துடும். கவிழ்ந்தா சாவீங்க. படுங்க, அடியில படுங்க."

அந்தச் சொல் தண்ணீர்மேல் மூன்று தரம் வந்தது. நின்ற இரண்டு பேரும் வெட்டிப்போட்ட மாதிரி விழுந்தார்கள். ஆறு பேரும் ஒருவர் மேல் ஒருவராகப் பரிசலின் அடியில். அவள் முழங்காலை விளிம்பில் முட்டுக் கொடுத்து, துடுப்பைச் செங்குத்தாக இறக்கி, பரிசலை அலையின் முகத்துக்கே இழுத்தாள். பரிசல் சுவரில் ஏறியது. ஏறி நின்றது. வானத்துக்கு எதிரில் அதன் கறுப்பு அடி முழுசும் எனக்குத் தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை, நுரைதான்.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வரை வந்தபோது நுரைக்கு இந்தப் பக்கம் பரிசல் நின்றது. விளிம்பு வரை தண்ணீர். ஏழு தலை. நான் இரண்டு தரம் எண்ணினேன், ஏழு.

கோய் கயிறு வீசினான். ஒவ்வொருவராக ஏற்றினோம். அந்தக் கேலிக்காரப் பயல் பலகையில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்தான். துயெத் மியெனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மியெனுக்குப் பல் தந்தியடித்தது.

கரைக்குத் திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. மழையில் முன்னால் எதுவும் தெரியாமல், காதால் ஓட்டினேன். அடுத்த அலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓட்டுவது என்னவென்று ஓட்டியவனுக்குத்தான் தெரியும். சாம் கோபுரத்தை யாரும் கேட்கவில்லை.

துறையில் இறங்கியதும் கோய் என்னைத் தனியாக இழுத்தான்.

"அண்ணே, அவ சொன்னது உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

"மூணு தரம். நம்ம படகு பக்கத்துல. ஐயா கோயில்ல பன்றித்தலை வச்சுக் கும்பிடாம அவளோட நான் கடலுக்கு வர மாட்டேன். எவனும் வர மாட்டான்."

"அவ சொல்லலேன்னா ஆறு பொணம்டா."

"அது வேற கணக்கு" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். என் வாயும்தான் திறக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மியென் என் வீட்டுக்கு வந்தாள். தலை காயவில்லை. வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை.

"அண்ணே, ஊரெல்லாம் பேசுறாங்க."

"பன்றித்தலைக்கு நான் காசு தர்றேன். கும்பிட்டுட்டு நாளைக் கழிச்சு வந்துடு."

"வேணாம்ணே. கும்பிட்டா திரும்பக் கூப்பிடுவீங்க. கும்பிடலேன்னா யாரும் கூப்பிட மாட்டாங்க. எனக்கு அதுதான் வேணும்." ஈரத் தலைமுடியைப் பின்னால் ஒதுக்கினாள். "என் கூலியைக் கொடுத்துடுங்க."

"தங்கச்சி, அது நான் வேணும்னே..."

"தெரியும்ணே. மூணாவது மாசமே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தே?"

"போனா காசு போயிடும்னு பயம். வந்தா உசுரு போயிடும்னு பயம். இத்தனை நாளும் காசு பயம்தான் பெருசா இருந்துச்சு. இன்னைக்கு அந்த அலையில ரெண்டும் இடம் மாறிடுச்சு. நீங்க கொடுத்தாலும் சரி, கொடுக்காட்டியும் சரி, நான் தண்ணிக்குப் போறதில்ல. கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

யாரிடமும் தலை குனியாமல் மூன்று படகு சம்பாதித்தவன் நான். அந்த வாசற்படியில் நின்றவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். ஐந்து லட்சம் டோங் தாள்கள், முப்பத்தாறு வேண்டும்.

கட்டாகக் கொடுத்திருக்கலாம். அவள் கையை நீட்டி விரித்தாள், நான் ஒவ்வொன்றாக வைத்தேன். துடுப்புக் காய்த்த கை. இப்போது அது நடுங்கவில்லை. பதினேழில் எண்ணிக்கை தவறிப்போய் நின்றுவிட்டேன்.

"பதினேழுண்ணே" என்றாள்.

பதினெட்டை வைத்தேன். அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு தாளையும் உதட்டசைவில் எண்ணிக்கொண்டு, முப்பத்தாறு விழுகிற வரைக்கும் அவள் கையை விரித்தபடியே வைத்திருந்தாள்.