அவர் 'கொஞ்சம்' என்று சொன்ன நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதுரை திருநகரில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் பள்ளியில் தமிழாசிரியை. என் கணவர் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறார். காதுகுத்துக்கு மடியில் உட்காரும் கைக்குழந்தையை 'எட்டுத் திக்கும் நடுங்க வரும் எங்கள் சிங்கமே' என்று அச்சடித்துத் தருகிற தொழில். அந்தப் பாஷை கடையோடு நிற்காது, வீட்டுக்கும் கூடவே வரும். தலைவலி என்றால் மண்டைக்குள் கொட்டுமேளம் அடிக்கிறார்கள் என்பார். காய் நறுக்கும்போது விரலில் கீறிவிட்டால், "ரத்தம் வைகையாட்டம் ஓடுது டீச்சர்" என்று கத்துவார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வைகையில் என்றைக்குத் தண்ணீர் ஓடியது என்று நான் கேட்பேன். வகுப்பில் உயர்வு நவிற்சி அணிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் எனக்குப் புத்தகமே தேவையில்லை.

அன்று கறி வாங்கப் போனவர் திரும்பி வந்து, பையை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நெஞ்சுல கொஞ்சம் வலிக்குது" என்றார்.

மீதியையும் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி, லாரி ஏறின மாதிரி, ஏதாவது வரும். வரவில்லை. "எம்புட்டு வலிக்குதுங்க?" என்று கேட்டேன். "கொஞ்சந்தான். வாயுவா இருக்கும்" என்றார். கறிக்கடைக்காரர் எலும்பாகப் போட்டுவிட்டதைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை.

சமையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் வெட்டிச் செலவு என்று முனகிக்கொண்டே வந்தார். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கும், "லேசாத்தாங்க சார்" என்றார். டாக்டர் பிரஷர் பார்த்தார். வாய்வுக் கோளாறாக இருக்கலாம், ஒரு ஊசி போட்டு அனுப்புகிறேன் என்றார். இவர் அதற்குள் சட்டைப் பொத்தானை மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. "டாக்டர், முள்ளு குத்துனாலே ஈட்டி பாஞ்சிருச்சுன்னு ஊரைக் கூட்டுற ஆளு இவரு. இத்தன வருசத்துல லேசா வலிக்குதுன்னு ஒரு தடவகூடச் சொன்னதில்ல. ஈசிஜி எடுத்துப் பாத்துருங்க" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டருக்கும் சிரிப்புத்தான். ஆனாலும் எடுக்கச் சொன்னார்.

ஈசிஜி காகிதம் பாதி வெளியே வந்தபோதே டாக்டரின் முகம் மாறிவிட்டது. மாரடைப்பு. உடனே மாத்திரை கொடுத்து, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று அவர்கள் சொன்னபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு அவரிடமே கேட்டேன், அவ்வளவு வலியை வைத்துக்கொண்டு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"ஒண்ணுமில்லாததத்தான் டீச்சர் பெருசாச் சொல்ல வாய் வரும். இது நெசமாவே பெருசா இருந்துச்சு. சொல்லவே பயமா இருந்துச்சு" என்றார்.

அணி இலக்கணத்தை எத்தனையோ வருடமாக நடத்துகிறேன். ஒரு மனிதர் எப்போது மிகைப்படுத்திப் பேசுவார், எப்போது பேசமாட்டார் என்பது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது பழையபடி அளந்துவிடுகிறார். போன வாரம் அவரைக் கடித்த கொசு கோழி அளவு இருந்ததாம். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் எதையாவது அவர் 'கொஞ்சம்' என்று சொல்லிவிட்டால் போதும், கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, இன்றும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன்.